சீசனுக்கு முன்னால் ஆறு வாரம்

கணினியில் காற்பந்துக் கிளப் ஒன்றை நிர்வகிக்கும் விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் (எஃப்.எம்.) ஆடுகிறவர்களில் பாதிப்பேர், சீசனுக்கு முந்தைய ஜூலை மாதத்தைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. விடுமுறை முடிந்து ஆட்டக்காரர்கள் கிளப்புக்குத் திரும்புவார்கள். பயிற்சியைத் துணைப் பயிற்றுநர் தலையில் கட்டிவிட்டு, நட்புமுறை ஆட்டங்களையும் அவரே ஏற்பாடு செய்யட்டும் என்று விட்டுவிட்டு, 'கன்டினியூ' பொத்தானைத் தட்டிக்கொண்டே போவார்கள். ஆளை வாங்குவது, ஆளை விற்பது, புது ஃபார்மேஷன் போட்டுப் பார்ப்பது என்றே ராத்திரி கழியும். நவம்பர் வந்து நாலு பேருக்குப் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டதும், "கேம் வேணும்னே செய்யுது" என்று புலம்பல் ஆரம்பிக்கும். எனக்கு அந்தப் புலம்பலில் நம்பிக்கை இல்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேரையாவது ஜூலையில் காப்பாற்றியிருக்கலாம்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். இரவு ஷிப்ட் வாரங்களில் பகலில் தூக்கம் பாதியிலேயே கலைந்துவிடும். மிச்ச நேரம் இந்த கேமுக்குப் போகிறது. எஃப்.எம். 25 வெளிவராமலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால் 24-லேயே தங்கிவிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். அடுத்த பதிப்பு வந்த பிறகும் என் பழைய சேவ் (சேமித்துவைத்த ஆட்டம்) நிற்கவில்லை. அதில் இங்கிலாந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் கிளப் ஒன்றை நடத்துகிறேன். பினாங்குக் குழுவை வைத்துத் தனியாக ஒரு சேவும் உண்டு. 2014 முதல் மலேசிய லீக் பட்டத்தைக் கைவிடாமல் வைத்திருக்கும் ஜொகூர் டாருல் தக்சிம் கிளப்பை கணினியிலாவது கீழே இறக்கிப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை பினாங்குக்காரன் எவனுக்கும் இருக்கும்தானே.

போன பள்ளி விடுமுறைக்கு அக்காள் மகன் வந்து தங்கியிருந்தான். படிவம் ஐந்து. பள்ளிக் குழுவில் வலது பக்கம் ஆடுகிறவன், கால் வேகம், வாய் அதைவிட வேகம். பக்கத்தில் தன் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒரு ஸ்பெயின் கிளப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த கேமில் பயிற்சிப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் தீவிரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்: முழு ஓய்வு, பாதி, வழக்கம், இரட்டை. வரிசையாகத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, எல்லாரையும் டபுள்ல போட்டாச்சு. ஆறு வாரத்துல ஸ்டெமினா ஏறிடும் பாருங்க."

"ஏறாதுடா."

"ஏன் ஏறாது? டிரெய்னிங் கொடுத்தா ஏறணும்லா."

"பதினொண்ணு பன்னெண்டாகவே மாசக்கணக்கா பிடிக்கும். இந்த ஆறு வாரத்துல ஏத்தவேண்டியது வேற சாமான்."

"அப்ப எதுக்கு மாமா இவ்ளோ செஷன் வச்சிருக்கான்?"

கேட்கவேண்டிய கேள்விதான். கேமில் 'உடல் தகுதி' என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பொருள் இல்லை. ஸ்டெமினா, வேகம், பலம், இயல்பான உடற்கட்டு இதெல்லாம் 1 முதல் 20 வரை மதிப்பெண் போட்ட குணங்கள். அவை மெல்லத்தான் நகரும். 24 வயதுக்காரனுக்கு மெல்ல ஏறும், 33 வயதுக்காரனுக்கு மெல்ல இறங்கும். ஜூலையில் நம் கையில் இருப்பவை வேறு மூன்று.

முதலாவது, அன்றைய உடல்நிலை. ஆட்டம் ஆடினால் இறங்கும், இரண்டு மூன்று நாள் விட்டால் ஏறும். விடுமுறையிலிருந்து வரும்போது பாதாளத்தில் கிடக்கும். இரண்டாவது, ஆட்டக்கூர்மை. கேம் 'மாட்ச் ஷார்ப்னஸ்' என்று காட்டுவது. உடல்நிலை முழுசாக இருந்தாலும் கூர்மை இல்லாதவன் பந்து காலுக்கு வந்தபின் யோசிப்பான். இது ஓட்டத்தில் வராது, ஜிம்மில் வராது. ஆட்டத்தில் நிமிடம் கொடுத்தால்தான் வரும். 'மாட்ச் பிராக்டிஸ்' என்கிற செஷன் கொஞ்சம் ஏற்றும், அவ்வளவுதான். மூன்றாவது, சேர்ந்துகொண்டே போகும் களைப்பு. முக்கால்வாசிப் பேர் கவனிக்காதது இதைத்தான். ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை: ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் முகம் தெளிந்துவிடும், உள்ளே கிடக்கிற அசதி போகாது. கேமில் உடல்நிலையைக் காட்டும் இதயப் படம் பச்சையாகவே இருக்கும், களைப்பு மட்டும் பின்னால் ஏறிக்கொண்டிருக்கும். அதை இறக்க ஒரே வழி, அவனை வீட்டுக்கு அனுப்புவது.

பழைய பதிப்புகளில் உடல்நிலையும் கூர்மையும் விழுக்காட்டில் இருந்தன. எஃப்.எம். 21-இல் எண்ணை எடுத்துவிட்டு இதயப் படமும் சொற்களும் வைத்தார்கள். இன்னும் அதற்காகக் கோபத்தில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. எந்த டாக்டரும் நோயாளியைப் பார்த்து "93 விழுக்காடு தேறிவிட்டாய்" என்று சொல்வதில்லை. எண் இருந்த காலத்தில் 90-க்கு மேல் எல்லாரும் ஆடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டோம். இப்போது கொஞ்சம் பார்த்துத்தான் போடவேண்டியிருக்கிறது.

கொம்தார் பக்கம் குறுந்தட்டு வாங்கி, இந்த கேமின் முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜர் ஆடிய தலைமுறைக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தெரியலாம். அதை உருவாக்கிய காலியர் சகோதரர்களின் 1992 முதல் பதிப்பு எங்கே, இது எங்கே. எஃப்.எம். 19-இல் பயிற்சிப் பகுதியை அடியோடு மாற்றினார்கள். அன்றிலிருந்து நாளுக்கு மூன்று கட்டம்: பகலில் இரண்டு, கூடுதலாக ஒன்று. ஒவ்வொரு செஷனையும் தொட்டால் அது உடல்நிலையை, களைப்பை, காய அபாயத்தை, குழு ஒற்றுமையை என்ன செய்யும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். படிக்கிறவர்கள்தான் குறைவு.

என் திட்டத்தைச் சொல்கிறேன். நான் காலண்டரை முன்னாலிருந்து நிரப்புவதில்லை. ஆகஸ்டில் முதல் லீக் ஆட்டம் எந்தச் சனிக்கிழமை என்று பார்த்து, அங்கிருந்து பின்னால் வருவேன். அந்தக் கடைசி வாரம் சாதாரண சீசன் வாரம் மாதிரியே இருக்கவேண்டும்: எதிரணியைப் பற்றிய ஒரு செஷன், செட் பீஸ் (கார்னர், ஃப்ரீகிக் பயிற்சி), கொஞ்சம் தந்திரப் பயிற்சி, ஆட்டத்துக்கு முந்தைய நாள் மெதுவாக. அந்த வாரத்தில் எண்டூரன்ஸ் (தாக்குப்பிடிக்கும் சக்திக்கான) செஷன் வைப்பது பைத்தியக்காரத்தனம். அதற்கு முந்தைய சனிக்கிழமை, முதல் பதினொருவருக்கு முழு 90 நிமிடம். அதற்கும் முந்தைய வாரத்தில் மூன்று நான்கு நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டம், ஆளுக்கு 60, 70 நிமிடம். நடுவில் உள்ள இரண்டு வாரத்தில் இரண்டு தனிப் பதினொரு பேரை வைத்துக்கொண்டு, பாதி ஆட்டம் இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. நட்புமுறை ஆட்டத்தில் ஆளை மாற்ற அளவில்லை என்பதை இதற்குத்தான் பயன்படுத்தவேண்டும். ஆக, கனமான உடற்பயிற்சி முழுக்க முதல் இரண்டு வாரத்தில் போய் விழும்: எண்டூரன்ஸ், ரெசிஸ்டன்ஸ், குயிக்னஸ், இடையிடையே ரெக்கவரி. அந்த இரண்டு வாரத்தில் வெளியாள் யாரோடும் ஆட்டம் வைப்பதில்லை. நம் கிளப்பின் இளையோர் குழுவோடு ஒன்று, அதுவும் 45 நிமிடத்துக்கு மேல் யாருக்கும் இல்லை.

நட்புமுறை ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு, துக்கப்படுகிறவர்களும் உண்டு. 2011 ஜூலையில் ஆர்சனல், லிவர்பூல், செல்சி மூன்றும் ஒரே மாதத்தில் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்குக்கு வந்து மலேசியக் குழுவோடு ஆடின. லிவர்பூலுக்கு நாம் மூன்று கோல் போட்டோம், ஆறு வாங்கினோம். அந்த மூன்றைப் பற்றி இன்றும் மாமாக் கடையில் பேச்சு வரும். லிவர்பூல் பக்கம் அன்று அந்த மூன்றைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்? யாருக்கு எத்தனை நிமிடம், யார் கால் எப்படி இருக்கிறது, அதுதான் அவர்களுக்கு ஜூலை. கேமிலும் அப்படித்தான். ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: முதல் வெளி ஆட்டத்துக்குச் சின்னக் கிளப்பாகப் பார்த்துப் போடுவேன். ஐந்தாறு கோல் அடித்துவிட்டு வந்தால் பையன்கள் மனநிலை ஏறும், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மருமகன் சொன்ன டபுளுக்கு வருகிறேன். கேமுக்கு வெளியே இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் காபெட் 2016-இல் எழுதிய கட்டுரை ஒன்று பயிற்றுநர்களிடையே வேதம் மாதிரி சுற்றியது. இந்த வாரம் கொடுத்த சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுக்கவேண்டும். விடை 0.8-க்கும் 1.3-க்கும் நடுவில் இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் காய அபாயம் கூடுகிறது என்றார். பிறகு வந்தவர்கள் அந்த வகுத்தல் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது என்று கிழித்தார்கள். அந்தக் கோடுகளை யாரும் கல்லில் செதுக்கத் தேவையில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம் நிற்கிறது: சுமை அதிகம் என்பதைவிட, சுமை திடீரென்று ஏறுவதுதான் ஆபத்து. படிப்படியாகக் கனத்துக்குப் பழகியவன் உடம்பு தாங்கும். மூன்று வாரம் கடற்கரையில் கிடந்துவிட்டு வந்தவனை முதல் நாளே டபுளில் போட்டால், வகுக்கக் கீழே எண்ணே இல்லை.

கேம் இந்தக் கணக்கை எண்ணாகக் காட்டாது. மருத்துவ மையப் பக்கத்தில் ஒவ்வொருவன் அபாயமும் என்ன, அதற்குப் பயிற்சிச் சுமை காரணமா, ஆட்டச் சுமை காரணமா, அவன் உடம்புவாகே அப்படியா என்று எழுதியிருக்கும். வாரத்துக்கு ஒரு முறை நான் திறக்கிற பக்கம் அது. தீவிரத்தைக் கையால் மாற்றச் சோம்பலாக இருந்தால் தானியங்கி அமைப்பு இருக்கிறது: உடல்நிலை இவ்வளவு கீழே போனால் ஓய்வு, இவ்வளவு என்றால் பாதி, இவ்வளவு என்றால் வழக்கம் என்று ஒரே ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். டபுளை நான் இதயம் முழுப் பச்சையாக இருப்பவனுக்குக்கூடக் கொடுப்பதில்லை, ஜூலையில்.

பின்தொடைத் தசையை கேம் மிகைப்படுத்துகிறது என்று குறை சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பாவின் மேல்மட்டக் கிளப்புகளில் ஐரோப்பியக் காற்பந்துச் சம்மேளனமான யூ.இ.எஃப்.ஏ. நடத்திவரும் காய ஆய்வில், 2001/02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த பின்தொடைக் காயம் 2021/22-இல் 24 விழுக்காடானது. இரண்டு மடங்கு. அத்தனை மருத்துவர்களையும் கருவிகளையும் வைத்திருக்கும் கிளப்புகளின் நிலைமை இது. நம் லீக் டூ கிளப்பில் இரண்டு பிசியோ.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். பினாங்கில் திடல் குழுக்கள் பலவற்றுக்கு 'ஃபிட்னஸ்' என்றால் தண்ணீர்மலைதான். பாலதண்டாயுதபாணி கோவிலின் 513 படி. விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமையே காலையில் மேலே ஓடு, கீழே ஓடு. மருமகனுடைய குழுவிலும் அப்படித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பசியாற இறங்கி வந்ததைப் பார்க்கவேண்டும். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு நடை. "ஏறினதுகூடத் தெரியல மாமா, எறங்கினதுதான் கொல்லுது" என்றான். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் அந்த வேலை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வலியாக வந்து நிற்கும். முருகனைக் கும்பிட ஏறுவது வேறு. பயிற்சிக்கு ஏறினால் முதல் வாரம் ஏறிவிட்டு மெதுவாக நடந்து இறங்கச் சொல்லலாம், ஓட்டம் மூன்றாம் வாரத்துக்கு இருக்கட்டும். சொன்னால் கேட்கிற பயிற்றுநர்கள் குறைவு. "நாங்க அப்படித்தான் ஆடினோம்" என்பார்கள்.

இந்த ஊர் வெயிலும் புழுக்கமும் தனிப் பாடம். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் பிடிக்கும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் ஆரம்பிக்கும், அதே ஓட்டத்துக்கு இதயம் குறைவாக அடிக்கும். நோன்பு மாதம் வந்தால் பயிற்சி இரவுக்குப் போய்விடும். இதையெல்லாம் கேமில் தேடாதீர்கள். இங்கே பத்து நாள் ஆறுமணி வெயிலில் ஓடாதவனுக்கு எந்தக் கூர்மையும் உதவாது.

உடலைத் தொந்தரவு செய்யாத செஷன்கள் இரண்டை நான் ஜூலையில் தாராளமாகப் போடுவேன். ஒன்று செட் பீஸ். மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதன் பாரம் குறைவு, பலன் மே மாதம் வரை வரும். பினாங்குக்காரனுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2016 பிப்ரவரியில் பாகாங்குக்கு எதிராக பண்டாராயா அரங்கில் எங்கள் குழுவின் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீகிக் நடுவானில் திசை மாறி வலைக்குள் போய், ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கி வந்தது. அது பயிற்சியில் வருகிற உதை இல்லைதான், ஆனாலும் கார்னருக்கு யார் எங்கே நிற்கவேண்டும் என்று தெரியாமல் ஆகஸ்டுக்குள் நுழையும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மற்றொன்று குழு ஒற்றுமை. ஆறேழு புது ஆள் வாங்கிய வருடம் முதல் இரண்டு வாரத்திலும் டீம் பாண்டிங் கட்டாயம். மலேசியக் குழுவின் அன்றைய பயிற்றுநர் கே. ராஜகோபால் 2009-இல் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் தங்கம் வாங்கிய இளைஞர்களில் பலரை அப்படியே கூட்டிக்கொண்டுபோய்த்தான் 2010-இல் மலேசியாவுக்கு முதல் முறையாகத் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார். பழகிய ஆட்கள் ஒருவர் ஓடுமிடத்தைப் பார்க்காமலே அறிவார்கள். கேமில் அதற்கு ஒரு பட்டைதான் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டை பொய் சொல்வதில்லை.

தந்திரம் விஷயத்தில் என் பிடிவாதம் ஒன்று உண்டு. கேம் மூன்று தந்திரங்களைப் பழக்க இடம் தருகிறது. ஜூலையில் நான் ஒன்றைத்தான் வைத்திருப்பேன். மேலே ஏறி அழுத்தி ஆடும் பாணியை வைத்துக்கொண்டால் அதற்கேற்ற கால் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஸ்டெமினா 10, 11 என்று நிற்கும் நடுக்களத்தை வைத்துக்கொண்டு 90 நிமிடமும் விரட்டினால், பிப்ரவரியில் அவர்கள் களைப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதைப் பயிற்சியால் சரிக்கட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஆளை மாற்றவேண்டும், இல்லையென்றால் பாணியை மாற்றவேண்டும்.

வேறு காலண்டரில் இருந்து வருகிறவர்களையும் கவனிக்கவேண்டும். நார்வேயிலிருந்து ஜூலையில் ஒருவனை வாங்கினால், அங்கே சீசன் நடுவில் ஓடிக்கொண்டிருப்பதால் கூர்மையோடு வந்து இறங்குவான். எல்லாரும் தடவித் தடவி ஆடும்போது இவன் மட்டும் பளிச்சென்று தெரிவான். நாமும் ஒவ்வொரு ஆட்டத்திலும் போடுவோம். டிசம்பரில் அவனுக்கு அது பத்தாவது மாதம். வந்த வாரத்திலேயே அவனுக்கு ஓய்வு கொடுப்பது பார்க்க அநியாயமாக இருக்கும். நான் கொடுக்கிறேன்.

கடைசியாக என் இடது பின்காப்பு ஆட்டக்காரர். வயது 33. ஸ்டெமினா 13, குறையில்லை. இயல்பான உடற்கட்டு 8. பலர் இந்தக் கடைசி எண்ணைக் கண்டுகொள்வதில்லை. ஆடாத நாட்களில் உடல் எவ்வளவு கீழே சரியும், காயத்துக்குப் பின் எவ்வளவு வேகமாகத் திரும்பும், வயதாக ஆக எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதெல்லாம் அந்த எட்டில்தான் இருக்கிறது. மற்றவர்கள் இரண்டாம் வார முடிவில் தேறிவிட்டார்கள். இவர் இதயம் நாலாவது வாரத்திலும் ஆரஞ்சு. துணைப் பயிற்றுநர் அவரைத் தொடக்கப் பட்டியலில் எழுதிக் கொடுத்தார், மாற்று வேறு யாரும் இல்லை என்று காரணமும் சொன்னார். நான் அவரைப் பாதித் தீவிரத்தில் வைத்து, ஆட்டக்கூர்மை வரும்வரை இளையோர் குழுவோடு ஆடலாம் என்ற அமைப்பைத் தட்டிவிட்டேன்.

"மாமா, லீக் முதல் மேட்ச்சுக்கே இவர் இல்லாம எப்படி?" என்றான் மருமகன். அதற்குள் அவனுடைய ஸ்பெயின் கிளப்பில் முன்னணி ஆட்டக்காரன் ஆறு வாரத்துக்குப் படுத்துவிட்டிருந்தான், இடுப்பு. பையன் வாயைக் குறைத்துக்கொண்டுதான் கேட்டான்.

முதல் ஆட்டத்தில் இடது பக்கம் 19 வயதுப் பையனைப் போட்டேன். 2-1 தோற்றோம். இரண்டு கோலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அடுத்த செவ்வாய் லீக் கிண்ண முதல் சுற்று. மூத்தவருக்கு அதில் 60 நிமிடம் எழுதி வைத்திருக்கிறேன், பையன் பெஞ்சில்.